பழைய சரக்கு வண்டி வாங்குமுன் அடிப்பாகத்தைப் பாருங்கள்



விளைந்த காய்கறியையும் நெல்லையும் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவும், உரமும் விதையும் ஏற்றி வரவும் சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டி இருந்தால் நலம் என்ற எண்ணம் சிற்றூர்களில் வளர்ந்து வருகிறது. புது வண்டியின் விலை கைக்கு எட்டாதபோது பழைய வண்டியை நாடுவது இயல்பே. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, செங்குன்றம் வட்டாரங்களில் பயிர் செய்வோர் பழைய வண்டி தேடும்போது, அருகிலுள்ள இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து விற்பனைக்கு வரும் வண்டிகளையும் பார்க்க நேரிடும்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்த பழைய வண்டி பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் வண்ணப் பூச்சின் பளபளப்பைக் கண்டு முன்பணம் கொடுத்துவிட்டால், பல போகங்களில் சேர்த்த பணம் பட்டறை வாசலிலேயே கரைந்துவிடும். எந்திரம் பழுதானால் சரிசெய்யலாம். டயர் தேய்ந்தால் மாற்றலாம். அடிச்சட்டம் துருவேறி உளுத்துவிட்டால் அந்த வண்டிக்குச் செலவிடும் பணம் திரும்பி வாராது. கடற்கரையை ஒட்டி உழைத்த வண்டிகளில் இந்தக் கேடு மிகுதி. ஆகவே வண்டியைக் கீழிருந்து மேலாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

வடசென்னையும் வண்டித் தொழிலும்

வண்டித் தொழிலில் வடசென்னைக்குப் பழைய தொடர்பு உண்டு. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, லாரி, பேருந்து உற்பத்தியில் இறங்கியது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. அதன் பயனாகத் திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலை எழுந்தது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் உற்பத்திக்கு மாறியது. இத்தகைய தொழிற்சாலைகளையும் துறைமுக லாரிகளையும் நம்பி லேத்துப் பட்டறை, வெல்டிங் பட்டறை, கமான் பட்டை கட்டும் பட்டறை, டிங்கரிங் கூடம் ஆகியவை பெருகின.

இதனால் வாங்குவோருக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. கைதேர்ந்த மேஸ்திரிகளும் உதிரி பாகங்களும் அருகிலேயே கிடைப்பது நன்மை. பழுதுபட்ட வண்டியைப் புதிது போலத் தோன்றச் செய்யும் கைத்திறனும் அங்கேயே இருப்பது தீமை. பட்டி பூசித் தேய்த்து வண்ணம் அடித்துவிட்டால், ஓட்டை விழுந்த தகடும் கண்ணாடி போல மின்னும்.

உப்பு செய்யும் வேலை

உவர் நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு உப்பின் தன்மையைச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தில் நீர் வற்றினாலும் உப்பு வற்றுவதில்லை. மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வண்டியிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நல்ல நீரில் நனைந்த இரும்பு உலர்ந்ததும் துருப்பிடிப்பது பெரிதும் நின்றுவிடும். உப்பு நீரில் நனைந்த இரும்பிலோ, நீர் ஆவியானபின்னும் உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை இரவு பகலாக நனைத்துக்கொண்டே இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின்மேல் காப்பாக நிற்கும் மெல்லிய படலத்தையும் துளைத்துவிடுகிறது.

துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் இடத்திலும், ஆணி அடித்த இடத்திலும், இரட்டைச் சட்டத்தின் நடுவிலும் துரு புகுந்தால் தகடுகள் உப்பி விலகும். வெளியே வண்ணம் பூசினாலும் இந்த உப்பலை மறைக்க முடியாது. வண்டி பார்க்கும்போது முதலில் தேட வேண்டிய அடையாளம் இதுவே.

முன்பு என்ன சரக்கு ஏற்றியது?

வண்டியின் வயதைக் கேட்பதற்குமுன் அது செய்த வேலையைக் கேளுங்கள். ஐந்து ஆண்டு மீன் ஏற்றிய வண்டியைவிட, பத்து ஆண்டு துணிப் பொதி ஏற்றிய வண்டி நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

மீன் வண்டி: இராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில், ஐஸ் கரைந்த உப்பு நீர் நாள்தோறும் தளத்தின் இடுக்குகள் வழியே அடிச்சட்டத்தில் சொட்டும். பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுத் தளம் போட்டு விற்பார்கள். புதுத் தளம் மேலே இருக்கும். பழைய துரு கீழே இருக்கும்.

உரம் ஏற்றிய வண்டி: உரமும் இரும்பைத் தின்னும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி குளோரைடே. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மூட்டையிலிருந்து சிந்திய உரம் தளத்தின் மூலைகளில் தங்கினால் அந்த இடம் முதலில் ஓட்டையாகும்.

துறைமுக வண்டி: சென்னைத் துறைமுகத்துக்கும், 2001-இல் செயல்படத் தொடங்கி இன்று காமராசர் துறைமுகம் என வழங்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் செல்லும் சாலைகளில் வண்டிகள் உப்புக் காற்றிலும் தூசியிலும் நெடுநேரம் காத்து நிற்க நேரிடும். அந்நேரங்களில் எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால், ஓடிய கிலோமீட்டர் குறைவாகக் காட்டினாலும் எந்திரம் உழைத்த மணி நேரம் அதிகமாகவே இருக்கும். கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்புவது சரியன்று.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 டிசம்பர் 3, 4 நாட்களில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் நாம் அறிவோம். மிக்ஜாம் வெள்ளத்தின்போது வடசென்னையில் வேறொரு கேடும் சேர்ந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. தாழ்வான தெருக்களில் எண்ணெய்ப் படிவு ஒட்டியது. எண்ணெய் ரப்பரை ஊறிப் பெருக்கச் செய்யும். அத்தகைய நீரில் நின்ற வண்டியில் பிரேக் குழாய், ரப்பர் புஷ், தூசிக் காப்பு உறை ஆகியவற்றைத் தனியே சோதிக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டறியும் வழிகள் வருமாறு:

1. இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், நீர் அந்த உயரம் ஏறியிருக்கிறது எனக் கொள்ளலாம்.

2. இருக்கையின் அடித் தண்டவாளமும் திருகாணிகளும் துருப்பிடித்துள்ளனவா என விளக்கு அடித்துப் பாருங்கள். மழை படாத இந்த இடத்தில் துரு வரக் காரணமில்லை.

3. பியூஸ் பெட்டியைத் திறந்து மின் இணைப்புகளைப் பாருங்கள். பச்சைப் பூச்சு தென்பட்டால் செம்புக் கம்பி அரிக்கப்பட்டுள்ளது. இன்றைய டீசல் வண்டிகளில் எரிபொருள் அளவை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியே தீர்மானிக்கிறது. அதன் இணைப்பில் உப்பு ஏறினால் வண்டி ஒரு நாள் ஓடும், மறு நாள் நிற்கும். குறையைக் கண்டுபிடிப்பதற்கே பெரும் செலவு பிடிக்கும்.

4. முன்விளக்கின் உட்புறம் நீர்த்திவலை, மிதியடியின்கீழ் மக்கிய வாடை, டாஷ்போர்டின் பின்புறம் வண்டல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

5. காப்பீட்டுப் பத்திரத்தை ஆண்டு வரிசையில் கேளுங்கள். இழப்பீடு கோராதவருக்குத் தரும் தள்ளுபடி ஏதேனும் ஓர் ஆண்டில் அறுந்து போயிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டில் இழப்பீடு பெற்றது எதற்காக என்று விசாரியுங்கள்.

பார்வையிடும் முறை

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் விளக்கு, ஒரு சிறு சுத்தி, துணி சுற்றிய ஒரு காந்தம், வெள்ளைத் துணி, கீழே படுத்துப் பார்க்க ஒரு பழைய சாக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நம்பிக்கையான மேஸ்திரி ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். விற்பவர் காட்டும் மேஸ்திரி வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த வண்டியையும், அப்போதுதான் கழுவிய வண்டியையும் பார்ப்பது பயனற்றது.

அடிச்சட்டம்: சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தை முன்னிருந்து பின்வரை சுத்தியால் மெல்லத் தட்டி வாருங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும், பொருக்கு உதிரும். கமான் பட்டை பூட்டிய தாங்கிகள், குறுக்குச் சட்டங்கள், தளத்தைப் பிணைக்கும் யூ போல்டுகள் ஆகிய இடங்களில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ உள்ளதா எனப் பாருங்கள். மேலோட்டமான செந்துரு பெரிய குறையன்று; அதைச் சுரண்டினால் கீழே திண்ணமான இரும்பு தெரியும். அடுக்கடுக்காக உரியும் துருவே ஆபத்தானது. பழைய வண்டியில் அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்பு வண்ணத்தில் மின்னினால், எதை மறைக்க வண்ணம் பூசினார்கள் என்று ஐயுற வேண்டும்.

தகடு: கேபின் கதவின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் ஒட்ட வேண்டிய காந்தம் ஒட்டாமல் நழுவினால், அங்கே பட்டி கனமாகப் பூசப்பட்டுள்ளது.

எந்திரம்: இரவு முழுவதும் நிறுத்தியிருந்த வண்டியைக் காலையில் உங்கள் கண்முன்னே கிளப்பச் சொல்லுங்கள். போகுமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் எந்திரத்தைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். கிளப்புமுன் எந்திரத்தின் மேல் கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருக்கிறதா என உறுதி செய்யுங்கள். எந்திரம் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா எனப் பாருங்கள். சூடான நிலையில் திறக்கவே கூடாது. ஆயில் அளவுக் கம்பியை எடுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் ஆயிலில் நீர் கலந்துள்ளது.

புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். கறும்புகை தொடர்ந்து வந்தால், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம் அல்லது இன்ஜெக்டர் பழுதாகியிருக்கலாம். நீலப்புகை வந்தால் எந்திரம் ஆயிலை எரிக்கிறது; பிஸ்டன் வளையமோ வால்வு வழித்துளையோ தேய்ந்துள்ளது. காலையில் சிறிது நேரம் வெண்புகை வருவது இயல்பு. எந்திரம் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், நீர் உள்ளே கசிகிறது என்றோ டீசல் சரியாக எரியவில்லை என்றோ கொள்ள வேண்டும். எந்திரம் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். புகை விட்டுவிட்டு வேகமாக அடித்தால் எந்திரத்தைப் பிரித்து வேலை பார்க்கும் காலம் நெருங்கிவிட்டது.

டயர்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் கொண்ட எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், சக்கர ஒழுங்கோ கிங்பின்னோ ஆக்சிலோ பழுதாகியிருக்கலாம்.

ஓட்டிப் பார்த்தல்: வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது போதாது. ஏற்ற வேண்டிய பாரத்தில் பாதியேனும் ஏற்றி, ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள். எந்திரத்தின் உறுமல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கியர் தானாக வெளியே குதிக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிறகு ஈர மண்ணில் நேராகச் சிறிது தொலைவு ஓட்டி, சக்கரத் தடத்தைப் பாருங்கள். முன் தடத்துக்கும் பின் தடத்துக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அடிச்சட்டம் வளைந்ததாகவோ ஆக்சில் இடம் பெயர்ந்ததாகவோ இருக்கலாம்.

யூரியா பற்றிய ஓர் எச்சரிக்கை

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் நிலை ஆறு என்ற புகை விதி நடைமுறையில் உள்ளது. அதன்பின் வந்த டீசல் வண்டிகள் சிலவற்றில், புகையைத் தூய்மைப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி இருக்கும். கனிமம் நீக்கிய நீரில் 32.5 விழுக்காடு தூய யூரியா கரைந்த நீர்மம் அது. வீட்டில்தான் யூரியா மூட்டை இருக்கிறதே, கரைத்து ஊற்றினால் என்ன என்று எண்ணாதீர்கள். வயலுக்கு இடும் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அதில் பையூரெட் என்ற பொருள் 1.5 விழுக்காடுவரை இருக்கலாம். வண்டிக் கரைசலில் 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உர யூரியாவை ஊற்றினால் தெளிப்பு முனை அடைபட்டு, விலை மிகுந்த வினையூக்கிப் பகுதி கெடும். வாங்கும் வண்டியில் இத்தகைய தொட்டி இருந்தால், முந்தைய உரிமையாளர் எதை ஊற்றி வந்தார் என்று கேட்டு, ரசீதையும் பாருங்கள்.

ஆவணங்களைச் சரிபார்த்தல்

வண்டி நன்றாக இருந்து ஆவணம் கோணலாக இருந்தால், அதுவும் உளுத்த வண்டியே. முதலில் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணையும் எந்திர எண்ணையும் ஆர்.சி.யில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். பொறித்த இடம் தேய்க்கப்பட்டோ வெல்டிங் செய்யப்பட்டோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பின்னர் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, உரிமையாளர் எத்தனையாவது ஆள், தகுதிச் சான்று, காப்பீடு, வரி ஆகியவை எதுவரை செல்லும், கட்டாத அபராதம் உண்டா என்பவற்றைப் பாருங்கள். இணையம் பழக்கமில்லாதவர்கள் படித்த பிள்ளைகளின் உதவியைப் பெறலாம்.

1. கடன்: வண்டி பைனான்சில் இருந்தால் ஆர்.சி.யில் அதன் குறிப்பு இருக்கும். கடன் தீர்ந்த சான்றும், அக்குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் நிதி நிறுவனத்தின் கையெழுத்தோடு வேண்டும். கடன் நிற்கும் வண்டியை நிறுவனம் உங்கள் வாசலில் வந்து எடுத்துச் செல்ல நேரிடும்.

2. பெயர் மாற்றம்: படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முன்னாள் உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைப் பல புரோக்கர்கள் கைமாற்றி விற்கும் வண்டியைத் தவிர்ப்பது நலம்.

3. காப்பீடு: பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். முந்தையவர் பெற்றிருந்த இழப்பீடு கோராத் தள்ளுபடி அவருக்கே உரியது. அது வண்டியோடு வாராது.

4. தகுதிச் சான்று: பதிவாகி 8 ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் சரக்கு வண்டியை எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி. முடியும் தறுவாயில் உள்ள வண்டியை, அந்தச் செலவைத் தவிர்க்கவே பலர் விற்கிறார்கள். புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். இல்லையேல் அச்செலவை விலையில் கழியுங்கள்.

5. பெர்மிட், ஓட்டுநர் உரிமம்: ஆர்.சி.யில் காணும் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோவரை உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

பழைய வண்டி வணிகர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வணிகரிடம் வாங்கினால் அச்சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களிடமுள்ள பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவதானால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கார் ஒன்று அடுத்தடுத்துப் பலர் கைமாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் பழைய உரிமையாளர் பெயரே நின்றது. வண்டி விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. வண்டியை விற்ற பணம் செலவாகிப் போனபின், எவரோ ஓட்டிச் செய்த விபத்துக்கு நிலத்தை விற்று ஈடு கட்டும் நிலை உங்களுக்கு வர வேண்டுமா? பெயர் மாறிவிட்டது என்பதைப் பதிவேட்டில் பார்த்த பிறகே ஓய்வு கொள்ளுங்கள்.

வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட தொகைகளே. உங்கள் வட்டார விலையை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் விலை ரூ.3,00,000, உடனடிப் பழுதுபார்ப்பும் பெயர் மாற்றமும் ரூ.50,000. ஐந்து ஆண்டு கழித்து ரூ.1,50,000-க்கு விற்பதாகக் கொண்டால், குறையும் மதிப்பு ரூ.2,00,000, அதாவது ஆண்டுக்கு ரூ.40,000. காப்பீடு, வரி, எஃப்.சி. செலவு ஆண்டுக்கு ரூ.40,000, டயர், ஆயில், பழுது ரூ.30,000, போட்ட பணத்துக்கு வட்டி ரூ.30,000. மொத்தம் ஆண்டுக்கு ரூ.1,40,000.

ஆண்டுக்கு 140 நடை ஓட்டினால், டீசலும் ஓட்டுநர் கூலியும் நீங்கலாக நடைக்கு ரூ.1,000 ஆகும். 70 நடைதான் என்றால் ரூ.2,000 ஆகும். இதோடு டீசலையும் கூலியையும் சேர்த்து, அதே தொலைவுக்கு வாடகை வண்டி கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். நடை குறைவாக உள்ள சிறு உழவருக்கு வாடகையே மலிவாக இருக்கலாம். அக்கம் பக்கத்து உழவர்கள் ஒரே நாளில் சரக்கு சேர்த்து ஒரே வண்டியில் அனுப்புவதும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாக வண்டி வைத்துக்கொள்வதும் நல்ல வழிகளே.

நடைச் செலவைக் குறைக்கலாம் என்று பாரத்தைக் கூட்டி ஏற்றாதீர்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதம் ரூ.20,000, மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. துருப்பிடித்த சட்டம் முறிவதும் மிகை பாரத்தால்தான்.

வாங்கியபின் காக்கும் முறை

உவர் நிலத்தை நல்ல நீர் விட்டு அலசுவதுபோல், வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல நீரால் அலச வேண்டும். உப்பு நீரிலோ உரத்திலோ பட்ட அன்றே கழுவுதல் வேண்டும். உவர் ஏறிய கிணற்று நீரால் கழுவுவது கேட்டையே தரும். உரம் ஏற்றும்போது தளத்தில் தார்ப்பாய் விரித்து, இறக்கியபின் மூலைகளைக் கூட்டிக் கழுவுங்கள். தளத்திலும் சட்டத்திலும் உள்ள நீர் வடியும் துளைகளில் மண் அடையாமல் குத்தி விடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன், அடிச்சட்டத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் நன்கு தேய்த்து நீக்கி, கழுவி உலர்த்தி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் கறுப்பு வண்ணம் அடியுங்கள். துருவின் மேலேயே வண்ணம் பூசினால் உள்ளே அரிப்பு தொடரும். கழிவு ஆயிலை அடிப்பாகத்தில் தெளிக்கும் வழக்கம் வேண்டாம். அது ரப்பர் பாகங்களைக் கெடுப்பதோடு, சொட்டும் இடத்தில் மண்ணையும் பாழாக்கும்.

பாடத்தைச் சரிபார்க்கும் வினாக்கள்

1. உப்பு நீரில் நனைந்த வண்டி உலர்ந்தபின்னும் துருப்பிடிப்பது ஏன்?

2. பழைய வண்டியின் அடிச்சட்டத்தில் மட்டும் புது வண்ணம் இருந்தால் எப்படிச் சோதிப்பீர்கள்?

3. எந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டியது ஏன்?

4. வயலுக்கு இடும் யூரியாவை வண்டித் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஏன்?

5. ஆண்டுக்கு எத்தனை நடை ஓட்டினால் சொந்த வண்டி உங்களுக்குக் கட்டுப்படியாகும்?

கடைசி வினாவுக்கு ஒவ்வொருவர் விடையும் வேறுபடும். அதை ஒரு தாளில் எழுதிக் கணக்கிட்டு, குடும்பத்தாரோடு கலந்து பேசுங்கள். அதன் பிறகு டார்ச் விளக்கும் சுத்தியும் சாக்கும் எடுத்துக்கொண்டு வண்டி பார்க்கப் புறப்படுங்கள். அடிப்பாகம், எந்திரம், ஆவணம் ஆகிய மூன்றும் தேறிய பின்னரே முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.